லிங்கராஜோடு யாருக்கும் சம்பந்தமில்லை

எங்க மகாசபைக்குத் தலைவர் கிடையாது, ஜனாதிபதியாக்கும். சிரிக்காதீங்க. அந்தக் காலத்துல விதிப்புத்தகம் எழுதின புலவர் 'பிரசிடெண்ட்'ங்கிற வார்த்தைக்கு அகராதியைப் புரட்டி 'ஜனாதிபதி'ன்னு எழுதி வைச்சுட்டாரு. அச்சடிச்சும் ஆயாச்சு. மாத்தணும்னா பொதுக்குழுவுல மூணுல ரெண்டு பங்கு ஆளு கை தூக்கணும். எங்க ஆளுக பந்தியில பாயசத்துக்கு அல்லாம வேற எதுக்கும் அம்பிடு கை தூக்கினதில்லை. அதனால டெல்லியில ஒரு ஜனாதிபதி, திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்துல ஒரு ஜனாதிபதி.

நான் லீலாபாய். ஊரு மார்த்தாண்டம் பக்கம். மகாசபை மண்டபத்துச் சாவி எனக்க இடுப்பில. தூத்துத் துடைக்கிறது, உக்காரக் கசேர போடுறது, சாயா கொடுக்கிறது, பேசி முடிச்சவங்களுக்குக் கைதட்டுறது எல்லாம் எனக்க வேலை. கைதட்டித் தட்டியே உள்ளங்கை காய்ச்சுப்போச்சு.

சபை பேச்சு மட்டும்தான் பேசும்னு நினைச்சிராதீங்க. ஒரு நல்ல காரியமும் உண்டு. தமிழ்நாட்டுலயிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த நம்ம ஆளுக இங்க செத்துப்போனா, சபை ஆஸ்பத்திரியில எழுதிக்கொடுத்து சவத்தை வாங்கும். மண்டபத்துல அரைமணி நேரம் வைச்சு மாலை போடும். பெறவு சபைக்க வண்டியிலயே ஊருக்குக் கொண்டுவிடும். செத்தாத்தான் சபைக்க அருமை தெரியும்னு மேடையில சொல்லுவாங்க. சொன்னவங்க யாரும் செத்துப் பாத்தவங்க இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லிங்கராஜ் வந்தான். கழக்கூட்டம்ங்கிற இடத்துல எழும்புற ஒரு பிளாட்டுல கம்பி கட்டுற வேலை. சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். நாப்பது வயசு தாண்டியிருக்காது. ஃப்ரீசர் பெட்டிக்குக் கண்ணாடி மூடியாக்கும்; அது வழியா முகம் தெரிஞ்சுது, எதையோ கேக்க வந்துட்டு மறந்துபோனவன் மாதிரி. கூட அவனுக்க பெண்டாட்டி நாச்சியார். நாங்குநேரிப் பக்கத்து ஊரு. சாலை பஜார்ல ஒரு ஓட்டல்ல காய் நறுக்குறா. கையில ஒரு துணிப்பை, அதுல அவனுக்க வேட்டியும் சட்டையும்.

"அக்கா, வண்டி எப்ப எடுப்பாங்க? ஊருல பந்தல் போட்டாச்சு. புள்ளைக ரெண்டும் அங்கதான் இருக்கு. எங்க அத்தை பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காவ."

"அரைமணி நேரம் மக்களே. ஜனாதிபதி ஒரு ஒப்பம் போட்டா வண்டி நகந்திரும்."

சொன்னப்பெறவுதான் எனக்கே ஞாபகம் வந்துது. அந்த வாரம் எங்களுக்கு ஜனாதிபதி இல்லை.

பழையவருக்குப் பதவிக்காலம் முடிஞ்சு மகனைப் பாக்க துபாய்க்குப் போயாச்சு. விதிப்புத்தகத்துல இதுக்கும் வழி உண்டு. பதவி காலியா கிடந்தா ஆளும் அணிக்க வேட்பாளர் ஒப்பம் போடலாம். ஆளும் அணின்னா ஐக்கிய அணி. எப்பவும் அதுதான் ஜெயிக்கும். எதிரணின்னு ஒண்ணும் இருக்கு, பொங்கலுக்கு விறகு கொண்டுவரும். ஆனா அந்த ஐக்கிய அணிக்கே வேட்பாளர் யாருன்னு இன்னும் முடிவாகல்லை. முன்னெல்லாம் நாலுபேரு ஒரு லாட்ஜு முறியில உக்காந்து பேசி முடிச்சிருவாங்க. இந்தத் தடவை யாரோ ஒருத்தருக்க மருமகன் அமெரிக்காவிலிருந்து போன்ல சொல்லிட்டான்: அங்கயெல்லாம் கட்சிக்குள்ளேயே முதல்ல ஒரு தேர்தல் வைப்பாங்க, பிரைமரின்னு பேரு, சொந்தக் கட்சிக்காரனே ஒருத்தனை ஒருத்தன் நாறடிப்பான், நாத்தம் கொறைஞ்சவன் வேட்பாளர். எங்க ஆளுகளுக்குக் கேட்டதும் புல்லரிச்சுப்போச்சு. பிரைமரின்னா ஒண்ணாங்கிளாசுல்லான்னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. பின்னால நடந்ததைப் பாத்தா நான் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லை.

போட்டி ரெண்டு பேருக்கு. ஸ்ரீவராகத்து ஆடிட்டர் சிவசைலம். சாலை பஜார்ல பாத்திர மொத்த வியாபாரம் பண்ணுற நெல்லையப்பன் அண்ணாச்சி. இந்த ரெண்டு பேருக்கும் கொள்கையில என்ன வித்தியாசம்னு ஒருநாள் கேட்டேன். நிறைய உண்டு லீலாபாய்னு சொன்னாங்க, என்னன்னு சொல்லல்லை.

இவங்களை நோக்குறதுக்கு ஒரு அரசியல் நோக்கர் உண்டு, ஸ்ரீகுமார். 'சத்திய நோக்கு'ன்னு ஒரு வாட்ஸப் சேனல், அதுல ஆடிட்டரைத் தூக்குவான். 'சாலை முழக்கம்'னு இன்னொண்ணு, அதுல அண்ணாச்சியைத் தூக்குவான். ரெண்டும் ஒரே ஆளு, ஒரே போனு. வெக்கமா இல்லியாடேன்னு கேட்டா, "சேச்சி, பேலன்ஸ் வேண்டே?"ம்பான்.

முதல்ல ஆடிட்டர் மாலையோட வந்தாரு. நாச்சியார் எழும்பிக் கும்பிட்டா.

"சார், ஒரு கையெழுத்து சார். போட்டீங்கன்னா பொழுதடைய ஊரு போய்ச் சேந்திருவோம்."

ஆடிட்டர் பேனாவை எடுத்தாரு, மூடியைக் கழத்தினாரு. அப்பப் பாத்து அவருக்க போன் கிணுங்கிச்சு. சாலை முழக்கம். பழைய பொங்கல் விழாப் படம். ஆடிட்டர் மைக்கைப் பிடிச்சு நிக்காரு. பின்னால ஒரு தலை, தலையைச் சுத்தி சிவப்பு வட்டம். லிங்கராஜுக்க தலையாக்கும். கீழ ஸ்ரீகுமாருக்க குரல்: "சரிஞ்ச சாரத்தைக் கட்டின காண்டிராக்டருக்குக் கணக்கு எழுதுறது யாரு? ஆடிட்டர். செத்தவன் நிக்கிறது யாருக்குப் பின்னால? அதே ஆடிட்டர். ஜனாதிபதி வேட்பாளருக்கும் இந்தச் சவத்துக்கும் என்ன சம்பந்தம்? இது சவமாவதற்கு முன்பே இவருக்குத் தெரியுமா? நாங்கள் குற்றம் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்கிறோம்."

ஆடிட்டர் மூடியைத் திரும்பப் போட்டாரு.

"அம்மா, உங்க துக்கத்துல எனக்குப் பங்கு உண்டு. கையெழுத்துல இல்லை. கையெழுத்துப் போட்டா எனக்கும் இவருக்கும் சம்பந்தம்னு ஆயிடும். எனக்கு இவரைத் தெரியவே தெரியாது."

"உங்க பின்னாடிதான் சார் நிக்காரு. படத்துல இருக்குல்லா."

"பின்னாடி நிக்கறவாளை நான் பார்த்ததே கிடையாதும்மா. இத்தனை வருஷம் பொதுவாழ்க்கையில இருக்கேன், ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பேனா? யாரை வேணா கேளுங்கோ."

அந்த மாலையைப் பெட்டி மேல போடலாமா வேண்டாமான்னு கொஞ்சநேரம் யோசிச்சாரு. பெறவு பக்கத்துல இருந்த குத்துவிளக்குக்குப் போட்டுட்டுப் போயிட்டாரு.

அடுத்தது அண்ணாச்சி வந்தாரு.

"தாயீ, நான் மனசுல பட்டதைச் சொல்லுத ஆளு. ஒம் புருசன் ஆடிட்டர் ஆளுன்னு ஊரே பேசுது. அவன் ஆளுக்கு நான் கையெழுத்துப் போட்டா என் ஆளுக என்ன நெனைப்பானுவ?"

"அவரு யாரு ஆளும் இல்ல அண்ணாச்சி. கம்பி கட்டுத ஆளு."

"செத்தவன்லாம் நடுநிலைன்னு சொல்லிக்கிடலாம் தாயீ. ஓட்டு எண்ணும்போதுல்லா தெரியும்."

நாச்சியார் என்னைப் பாத்தா. அவளுக்கு ஒண்ணும் புரியல்லை. எனக்குப் புரிஞ்சுது, அதனால வயித்தெரிச்சல். ஆஸ்பத்திரியில சவத்தை எழுதி வாங்கினது சபைக்க பேருல. சபை விடாம அவளால வேற வண்டி பிடிச்சுக் கொண்டுபோகவும் முடியாது. அரைமணி நேரம்னு வந்தவன் ராத்திரியும் அங்கயே கிடந்தான். அவளும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சுல சுருண்டுகிட்டா.

சனிக்கிழமை காலையில சத்திய நோக்குல இன்னொரு படம். அண்ணாச்சி கடைக்கு மாடி கட்டித் திறந்த அன்னைக்கு எடுத்தது. நல்ல மழை. அண்ணாச்சி ரிப்பன் வெட்டுறாரு, அவருக்கு மேல குடை பிடிச்சு நிக்கது லிங்கராஜ். சிவப்பு வட்டம். "குடை கொடுத்த உறவு எத்தனை நாளைய உறவு?"ன்னு ஸ்ரீகுமார் கேக்கான். அண்ணாச்சி உடனே மறுப்பு விட்டாரு: "குடை எனக்குத் தெரியும். எங்க கடைக் குடைதான். குடைக்குக் கீழ இருந்த கை யாருதுன்னு நான் ஏன் பாக்கணும்? மழை நின்னா குடையும் மடங்கிரும், அந்தக் கையும் போயிரும்."

பெறவு படம் படமா வந்துது. மகளிர் தின விழாவுல லிங்கராஜ். ரத்ததான முகாம்ல லிங்கராஜ். பழைய ஜனாதிபதி துபாய்க்குப் போறப்ப வழியனுப்பினதுல, பெட்டியைத் தூக்கிக்கிட்டு லிங்கராஜ். தேர்தல் கமிட்டிக்காரங்க உறுதிமொழி எடுக்கிற படத்துலகூட ஜன்னலுக்கு வெளிய லிங்கராஜ். காலையில ஒரு சேனல் வட்டம் போடும், மத்தியானம் மத்த சேனல் வட்டம் போடும், வட்டத்துக்குள்ள ஒரே முகம்.

நான் அன்னைக்கு மண்டபத்துச் சுவருல மாட்டியிருக்க போட்டோவைத் துணி வைச்சுத் துடைச்சுக்கிட்டு வந்தேன். வாராவாரம் துடைக்கிறதாக்கும். ஆண்டவரே! பொன்னாடை போத்துற ஆளுக்கும் போத்திக்கிடுற ஆளுக்கும் நடுவுல, தோளுக்கு மேல, அவன். விருது கொடுக்கிற கையிடுக்குல அவன். எல்லாத்துலயும் அதே சட்டை, அதே சிரிப்பு, நேரா என்னையே பாக்கான். நான் எத்தனை ஞாயித்துக்கிழமை அவனுக்குச் சாயா கொடுத்திருப்பேன், முகத்தைப் பாத்ததே இல்லை. இப்ப எங்க திரும்பினாலும் அவன்தான். பெட்டி உறுமுற சத்தம் பின்னால கேட்டுக்கிட்டே இருக்கு. படத்துல இருக்கவன் பெட்டியில இருக்கானா, பெட்டியில இருக்கவன் எழும்பிப் படத்துக்குள்ள போயிட்டானான்னு தலை சுத்திச்சு. துணியைப் போட்டுட்டு நாச்சியார்ட்ட போய் உக்காந்தேன்.

"ஏன் பிள்ளே, இவன் எதுக்கு எல்லாப் படத்துலயும் வந்து நிக்கான்?"

"ஞாயித்துக்கெழம வேலை இருக்காதுல்லாக்கா. கூட்டத்துக்கு ஆளு வேணும்னு மேஸ்திரி கூட்டிட்டு வருவாரு. மத்தியானம் சாப்பாடு உண்டு. படம் எடுக்கும்போது பின்னாடி காலியா கெடக்கக் கூடாதுன்னு நிக்கச் சொல்லுவாங்களாம். இவருக்கும் ஆசைதான். போன்ல படத்தை வாங்கி ஊருக்கு அனுப்புவாரு. 'பாத்தியளா, அப்பா பெரிய ஆளுகளோட நிக்கேன்'னு புள்ளைகட்ட சொல்லுவாரு." பையிலிருந்த அவனுக்க சட்டையை எடுத்து மறுபடி மடிச்சு வைச்சா. "இப்ப அந்தப் பெரிய ஆளுக தெரியாதுங்காவளே அக்கா. புள்ளைகட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

நான் சாயா போடப் போயிட்டேன்.

மத்தியானம் தேர்தல் கமிட்டி கூடிச்சு. கமிட்டிக்குச் சட்ட ஆலோசகர் அஸ்வதி வக்கீல். ஸ்ரீவராகத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனா படிச்சதெல்லாம் மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும், மலையாளத்துல அர்த்தம் பண்ணிக்கிடும். நல்ல பிள்ளை, குத்தம் சொல்லக் கூடாது. சட்டம் படிச்சதுதான் குழப்பம்.

"நோட்டீஸ் கொடுக்காம ஒருத்தரைச் சம்பந்தம் உண்டு, இல்லைன்னு தீர்மானிக்க பற்றில்லா, முடியாது" அப்படீன்னு அது சொல்லிச்சு. "அவரோட பாகமும், அவரு பக்கத்து நியாயமும் கேக்கணும்."

"யாரோட பாகம்?"

"லிங்கராஜோட."

ஒருத்தரும் சிரிக்கல்லை பாத்துக்கிடுங்க. தீர்மானம் போட்டு, டைப் அடிச்சு, முத்திரை குத்திக் கொண்டுவந்து ஒட்டினாங்க. 'திரு. லிங்கராஜ் அவர்களுக்கு. தாங்கள் ஆடிட்டர் அணியைச் சேர்ந்தவரா, அண்ணாச்சி அணியைச் சேர்ந்தவரா என்பதை நாளை காலைக்குள் நேரிலோ எழுத்து மூலமோ தெரிவிக்கவும். தவறினால் தங்களுக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று கருதப்படும்.' பெட்டியில வேற எங்கயும் பசை பிடிக்கல்லைன்னு முகம் தெரியுற கண்ணாடி மேலயே ஒட்டிட்டாங்க.

நாச்சியாருக்கு வாசிக்கத் தெரியும். ரெண்டு தடவை வாசிச்சா. அவ கேட்டது ஒண்ணுதான்.

"ஒரு ஓரமா ஒட்டக் கூடாதா சார்? முகம் தெரியலியே."

கமிட்டிக்காரர் கடியாரத்தைப் பாத்தாரு. மனு கொடுத்தா அடுத்த கூட்டத்துல பரிசீலிக்கலாம்னாரு.

சாயங்காலம் பிரைமரி விவாதம். பெட்டியை ஒரு தட்டி வைச்சு மறைச்சாங்க. தட்டி மேல மகாசபைக்க பேனரைக் கட்டினாங்க. வெளிய இடியும் மழையும். உள்ள ரெண்டு வேட்பாளரும் மைக்கைப் பிடிச்சு, லிங்கராஜோட தனக்குச் சம்பந்தமே இல்லைன்னு மாறி மாறிச் சத்தியம் பண்ணினாங்க. மூச்சு வாங்க நிறுத்துறப்பல்லாம் தட்டிக்குப் பின்னால பெட்டி 'உம்ம்ம்'னு உறுமும். ஆடிட்டர் ஒருதடவை, "நீங்க சொல்றது எனக்குப் புரியறது"ன்னு அந்தப் பக்கமாத் திரும்பிப் பதிலே சொல்லிட்டாரு. சொன்னப்பெறவு வேர்த்துப்போச்சு அவருக்கு.

அப்பத்தான் கரண்டு போச்சு.

மைக் நின்னுது, பேன் நின்னுது, உறுமலும் நின்னுது. ரெண்டுநாளா அந்தச் சத்தம் காதுல கிடந்து பழகிப்போச்சு. அது நின்னதும் மண்டபமே செத்தமாதிரி ஆயிட்டு. இருட்டுல யாரோ, "அவன் என்ன பண்ணுறான்?"னு கேட்டாங்க. யாரைன்னு ஒருத்தரும் திருப்பிக் கேக்கல்லை.

சபைக்க ஜெனரேட்டர் சின்னது. மைக்கும் பேனும் ஓட்டலாம், இல்லைன்னா பெட்டியை ஓட்டலாம். ரெண்டும் சேந்து தாங்காது. கமிட்டி டார்ச் வெளிச்சத்துல அவசரக் கூட்டம் போட்டு, ஜனநாயகம் முக்கியமா சவம் முக்கியமான்னு வாக்கெடுப்பு விட்டாங்க. இருட்டுல கையை எண்ண முடியாம, "ஆமா"ன்னு சத்தம் போடச் சொன்னாங்க. ஜனநாயகம் ஜெயிச்சுது, ஜெனரேட்டர் மைக்குக்கும் பேனுக்கும் ஓடிச்சு. நாச்சியார் தட்டிக்குப் பின்னாலயிருந்து ஓடிவந்தா.

"ஐயா, கண்ணாடியில தண்ணி வடியுது! கெட்டுப்போயிருமே ஐயா! புள்ளைக முகம் பாக்க வேண்டாமா!"

எனக்கு அதுக்குமேல பொறுக்கல்லை. "நாசமாப் போங்க எல்லாரும்"னு சத்தமாவே சொல்லிட்டு, மைக்குக்குப் போற வயரைப் புடுங்கி எறிஞ்சேன், பெட்டிக்க பிளக்கைக் குத்தினேன். குத்தின வேகத்துல தட்டி சரிஞ்சு விழுந்துது. நாலஞ்சு பேரு போன் லைட்டை அந்தப் பக்கம் அடிச்சாங்க. நனைஞ்ச நோட்டீஸ் மெள்ள வழுகிக் கீழ விழுந்துது. கண்ணாடிக்குப் பின்னால லிங்கராஜுக்க முகம், கூட்டத்தைப் பாத்தபடி. அப்பம்னு பாத்துப் பெட்டி 'தடக்'குன்னு ஓடத் தொடங்கிச்சு.

ஐக்கிய அணி மொத்தமும் செருப்பைக்கூட எடுக்காம மழையில ஓடிச்சு. இவ்வளவு ஐக்கியத்தை நான் அதுவரைக்கும் கண்டதில்லை.

ஞாயித்துக்கிழமை காலையில செருப்பு எடுக்க வந்தாங்க. ஓட்டெடுப்பும் அன்னைக்குத்தான், சாயங்காலம். இதை இப்படியே விட்டா ஓட்டுப்போட ஒருத்தனும் உள்ள வரமாட்டான்னு கமிட்டிக்கும் புரிஞ்சுபோச்சு. அஸ்வதி வக்கீல் விதிப்புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டி உரக்க வாசிச்சுது: "ஜனாதிபதியின் ஒப்பம் இன்றிச் சவம் மண்டபம் விட்டு நகரலாகாது." வாசிச்சுட்டு அப்படியே நின்னுது. பெறவு மேசையில ஒரு தட்டு.

"அய்யோ, நம்ம இதுவரை தப்பா மனசிலாக்கியிருக்கோம்! கையெழுத்துன்னா 'ஒப்பு'. இங்க எழுதியிருக்கது 'ஒப்பம்'. ஒப்பம்னா கூடேன்னல்லே அர்த்தம்! ஜனாதிபதி சவத்தினொப்பம் போகணும். கூட யாத்திரை செய்யணும். அதாக்கும் சட்டம்."

மலையாளத்துல அப்படித்தான், ஆனா தமிழ்ல ஒப்பம்னா கையெழுத்துதானேன்னு எனக்கு நாக்கு நுனி வரை வந்துது. ஆனா எனக்கும் ஒரு நிமிஷம் சம்சயம் தட்டிட்டு. எங்க ஊருல ஒப்புன்னுதான் சொல்லுவோம், ஒப்பம்னு சொல்லப் படிச்சது சபைக்கு வந்த பெறவு. கமிட்டிக்காரங்க பேரப்பிள்ளைகளோட மலையாளம் பேசிப்பேசி எல்லாத்தையும் மறந்தவங்க. "சரியாணு, சரியாணு"ன்னு தலையாட்டினாங்க. ஸ்ரீகுமாருக்குத்தான் அடுத்தது உதிச்சுது.

"அப்பம், சவத்தோட கூடப் போறவர்தான் ஜனாதிபதின்னு விதியே சொல்லுது. அல்லே?"

ரெண்டு வேட்பாளரும் ஒரே நேரம் எழும்பினாங்க.

ஆடிட்டர் மைக்கைப் பிடிச்சாரு. "லிங்கராஜ் எனக்குப் பின்னால் நின்றவர் என்று சிலர் சொன்னார்கள். இல்லை. என் முதுகெலும்பாக நின்றவர். முதுகெலும்பை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அதனால்தான் நான் பார்க்கவில்லை." நாலு பேரு அழுதாங்க. அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கினாரு. "எனக்குக் குடை புடிச்ச கையிய்யா அது! நான் நனையாம அவன் நனைஞ்சான்! அந்தப் படத்தைப் பெருசாக்கி மாட்டுங்கய்யா!" சிவப்பு வட்டத்தை எடுத்துட்டு ஸ்ரீகுமார் அதே படங்களுக்குப் பூமாலை பார்டர் போட்டு அனுப்பினான், ரெண்டு சேனல்லயும். கமிட்டி, நோட்டீசுக்குப் பதில் திருப்தியாக வந்துவிட்டதுன்னு எழுதிக்கிடுச்சு.

எனக்கு இதெல்லாம் என்ன வேணும்னாலும் நடக்கட்டும், வண்டி எடுத்தாச் சரின்னு இருந்துது. நாச்சியார் பையைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா வண்டிகிட்ட போய் நின்னா, முகத்துல ஒரு தெளிச்சம். டிரைவர் சிபி பெட்டியை ஏத்தினான். பின்னால நாலு பேரு உக்காரலாம். ஆடிட்டர் ஏறினாரு. அண்ணாச்சி ஏறினாரு. ஸ்ரீகுமார் கேமராவோட ஏறினான். நடக்கிறதைப் பாத்து எழுத ஒரு நிரீக்ஷகர் வேணும்னு அஸ்வதி வக்கீல் ஏறிச்சு. முன்சீட்டுல மைக்செட்டை வைச்சாச்சு.

"சார், எனக்கு எடம்?"

"நீங்க உணர்ச்சிவசப்படுவேள்ம்மா" அப்படீன்னாரு ஆடிட்டர். "பின்னால பஸ்ல வந்துடுங்கோ."

"தாயீ, கவலைப்படாத" அப்படீன்னாரு அண்ணாச்சி. "ஒம் புருசனை நான் பாத்துக்கிடுதேன்."

"யோவ், அவ பெண்டாட்டியாக்கும்! எறங்குங்கய்யா ஒருத்தர்!"னு நான் கத்தினேன். இறங்கினா ஓட்டுப் போயிருமேன்னு ஒருத்தரும் அசையல்லை. கதவு அடைஞ்சுது. வண்டி கிளம்பிப் போச்சு. நாச்சியார் அந்தப் புகைக்குள்ள பையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அழக்கூட இல்லை.

மண்டபத்தைப் பூட்டி, ஓட்டெடுப்புக்குத் தொறக்கச் சாவியைக் கமிட்டிக்காரர்ட்ட கொடுத்தேன். அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் தம்பானூர் போய் நாகர்கோவில் பஸ்ல ஏறினேன். பாறசாலை வந்ததும் நாச்சியார் ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னா:

"அவரு தனியாப் போறாரேன்னு இருக்குக்கா."

"நாலு பேரு கூட இருக்காங்கல்லா மக்களே."

"அதான் சொல்லுதேன்."

களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினதும் நாச்சியார், "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு எழும்பிட்டா. ரோட்டோரமா சபைக்க வண்டி நிக்கு. பின்கதவு தொறந்து கிடக்கு. உள்ள ஒருத்தரும் இல்லை. பெட்டி மட்டும் உறுமிக்கிட்டு இருக்கு. சிபி கீழ நின்னு பீடி வலிக்கான். பக்கத்துல ஒரு தமிழ்நாட்டு எஸ்.ஐ., கையில ஒரு பேப்பர்.

"எங்கடே ஜனாதிபதிமாரு?"ன்னு பஸ்லயிருந்து எறங்கின உடனே நான் கேட்டேன்.

சிபி பீடியைக் கீழ போட்டான். "போலீசு நிர்த்தி, சேச்சி. கட்டட ஆக்சிடெண்டு, கேசு உண்டுல்லே. 'கூட வாரவங்க யாரு? செத்தவருக்கு நீங்க என்ன வேணும்? பேரு, அட்ரசு சொல்லுங்க, கூப்பிட்டா வந்து சாட்சி சொல்லணும்'னு சார் கேட்டு. ஆடிட்டர் சார், வெறும் மரியாதைக்கு வந்தேன்னு சொல்லி. அண்ணாச்சி, லிஃப்ட் கேட்டு ஏறினேன்னு."

"சவ வண்டியிலயா லிஃப்ட்?"

"அங்ஙனயாணு சொன்னது. மத்தவன் மீடியா, மத்தவள் நிரீக்ஷகர். எல்லாரும் ஒரு டாக்சி விளிச்சு திரும்பிப் போயி. ஓட்டு உண்டல்லோ." அவன் பெட்டியைப் பாத்தான். "இதை விட்டுட்டு ஞான் எங்ஙன போவும்?"

என் போன் கிணுங்கிச்சு. ஸ்ரீகுமாரு. ரெண்டு வேட்பாளரும் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து கண்ணைத் துடைக்கிற படம், 'லிங்கராஜுடன் கடைசிவரை'ன்னு தலைப்பு. படம் எடுக்கிறப்ப கண்ணாடி மேல அண்ணாச்சிக்க துண்டு விழுந்து கிடக்கு, முகம் இல்லை. போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டேன்.

எஸ்.ஐ. நாச்சியாரைப் பாத்தாரு.

"நீ யாரும்மா?"

மூணுநாளா அவகிட்ட இதை ஒருத்தரும் கேக்கல்லைன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவ தெளிவாச் சொன்னா.

"பொண்டாட்டி சார்."

"கூடப் போறியா?"

"போறேன் சார்."

அவரு வேற ஒண்ணும் கேக்கல்லை. பேரையும் ஊரையும் எழுதிக்கிட்டு, தொப்பியைக் கழத்திட்டுத் தள்ளி நின்னாரு. நாச்சியார் வண்டியில ஏறினா. உள்ள கிடந்த துண்டையும், கசங்கின ரெண்டு பெரிய மாலையையும், ஒரு தண்ணி பாட்டிலையும் எடுத்து வெளிய வைச்சா. முந்தானையால கண்ணாடியை நல்லா அழுத்தித் துடைச்சா. பெறவு பெஞ்சுல பெட்டியை ஒட்டி உக்காந்து, வீட்டுல பேசுறமாதிரி அவன்ட்ட சொன்னா:

"எல்லாரும் எறங்கியாச்சு. இனி காலை நீட்டிப் படுங்க."